வயிற்றைச் சுருக்குவதா, குடலைக் குறுக்குவதா

உரும்பிராய்
18.3.80

அன்பு மகள் குணலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இணுவில் கந்தன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் எழும்பி நடமாடுகிறாய் என்ற சேதியைத்தான் அவனிடம் நித்தம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மருமகனும் பிள்ளைகள் இரண்டும் சுகம்தானே. மருமகனுடைய கடிதம் நேற்றுக் கிடைத்த பிறகுதான் பேனையைப் பிடிக்க எனக்குக் கை வந்தது. நீ என்னிடம் ஒன்று கேட்டு எழுதியிருந்தாய், அதற்கு அம்மா ஏன் பதில் போடவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நினைத்திருப்பாய். என்ன நடந்தது என்று சொல்கிறேன், கோபிக்காமல் வாசி.

உன் கடிதத்தை அப்பாதான் உரக்க வாசித்தார். சின்னவளை வயிறு வெட்டி எடுத்த தழும்புக்குள்ளால் குடல் இறங்கிவிட்டது, இருமினால் கையால் பொத்திப் பிடிக்கவேண்டியிருக்கிறது, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஒருநாள் நோவு தாங்காமல் நிலத்தில் இருந்துவிட்டேன் என்று வந்த இடத்தோடு அவர் நிறுத்தி, கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். மிச்சத்தை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்தப் பருமனில் குடலிறக்கத்தைத் தைத்தால் தையல் நிற்காது, முதலில் உடம்பை இறக்கவேண்டும், அதற்கும் ஒரு ஒப்பரேசன் இருக்கிறது, அதிலும் இரண்டு விதம் என்று எழுதியிருந்தாய். ஒன்றில் கடதாசி தைக்கிறமாதிரி வயிற்றுக்குக் கம்பி அடித்துச் சின்னப் பையாக்குவார்களாம், குடலிறக்கத்தை அப்படியே விட்டு உடம்பு இறங்கிய பிறகு தைப்பார்களாம். மற்றதில் குடலைக் குறுக்கி இணைப்பார்களாம், அந்த வெட்டோடேயே குடலிறக்கத்தையும் மூடலாமாம், ஆனால் காலம் முழுக்க வயிற்றாலே போகுமாம், ஈரலும் பழுதாகலாமாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது பிள்ளை. கொழுத்ததற்கு ஆரும் வயிற்றை வெட்டுவார்களா என்று தனியே இருந்து ஏசினேன். போன வருடம் நீ அனுப்பிய படத்தைப் பக்கத்து வீட்டு நல்லம்மாவுக்குக் காட்டி, லண்டன் தண்ணி பிள்ளைக்குப் பிடித்துவிட்டது என்று பெருமை பேசியவள் நான். உனக்கு நோவு என்று எனக்கு எப்படித் தெரியும். கடைசியில் நீ எழுதியிருந்த வரியைப் பார்த்ததும் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "அம்மா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, நீங்கள் எதைச் சொல்லுறியளோ அதைச் செய்யிறன்" என்று எழுதியிருந்தாய். கலியாணப் புடவை எடுக்கிறபோது கூட என்னிடம் நிறம் கேட்காத பிள்ளை.

அடுத்த கிழமை அப்பாவும் நானும் பஸ் மாறி மாறி மானிப்பாய்க்குப் போனோம். அங்கே அருளம்பலம் என்று ஒரு டொக்டர், ஒப்பரேசனில் கைராசிக்காரர் என்று பேர், இப்போது வீட்டிலேதான் ஆட்களைப் பார்க்கிறார். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். குடலிறக்கம் நான் எத்தனையோ தைத்திருக்கிறேன், பருத்தவர்களை மெலிந்துகொண்டு வா என்றுதான் அனுப்புவேன், பாதிப்பேர் திரும்பி வருவதில்லை, மெலியவைக்கிற ஒப்பரேசனைப் பற்றிப் புத்தகத்தில் வாசித்ததுதான், கண்ணால் கண்டதில்லை என்றார். அப்பா விடவில்லை. "உங்கடை பிள்ளையெண்டால் எதைச் செய்யச் சொல்லுவியள்" என்று கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வயித்தைச் சுருக்கிறது எண்டுதான் சொல்லுவன். ஈரல் போனால் பிறகு ஒண்டும் செய்யேலாது. ஆனால் அந்த வீக்கம் கையாலை அமத்த உள்ளுக்குப் போகுதோ, இல்லையோ? அது தெரியாமல் நான் சொல்லுறது குறி சொல்லுறமாதிரித்தான்" என்றார். உள்ளுக்குப் போகாமல் கல்லுப்போல நின்று, தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வந்தால் ஒரு விதமும் யோசிக்க நேரமில்லை, அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்றும் சொன்னார். வீக்கம் உள்ளே போகிறதா என்று நீ எழுதவில்லை. கேட்டு எழுதினால் பதில் வர எவ்வளவு காலம். அப்பா யாழ்ப்பாணத் தபால் கந்தோருக்குப் போய் லண்டனுக்கு ட்ரங்க் கோல் பதிந்துவிட்டு வாங்கிலில் குந்திக் காத்திருந்தார். மருமகன் ஹலோ ஹலோ என்றது கேட்டதாம், அப்பா "வீக்கம் உள்ளுக்குப் போகுதோ" என்று கந்தோர் முழுக்கக் கேட்கக் கத்தினாராம், அதோடு லைன் அறுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இணுவிலுக்குப் போய்ப் பூக்கட்டி வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் வயிற்றைச் சுருக்குவது, சிவப்பு வந்தால் குடலைக் குறுக்குவது என்று மனதில் நேர்ந்துகொண்டேன். குருக்கள் எடுத்துத் தந்த பொட்டலத்தைப் பிரித்தால் சிவப்பு, செவ்வரத்தம்பூ. டொக்டர் வேண்டாம் என்றதை முருகன் செய் என்கிறான். இன்னொருக்கால் வைத்துப் பார்ப்போமா என்று குருக்களைக் கேட்டேன். "திரும்பக் கேக்கிறதெண்டால் முதல் ஏன் கேட்டனியள்" என்று அவர் உள்ளே போய்விட்டார். வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் வாய்த்தர்க்கம். அவர் படித்த மனிசன் சொன்னதை எழுது என்கிறார், நான் கந்தன் சொன்னதை மறைத்து எப்படி எழுதுவேன் என்கிறேன். அப்படி எழுதி உனக்கு ஒன்று நடந்தால் நான்தானே உன்னை வெட்டக் கொடுத்தவள், இப்படி எழுதி நடந்தாலும் நான்தானே. கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக நாட்கள் போயின.

வெங்காயம் கிண்டிக் கொத்துக் கொத்தாக முடி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தந்தி வந்தது. குடல் சிக்கிவிட்டது, அவசர ஒப்பரேசன், குணலட்சுமி உயிர் தப்பிவிட்டா என்று அப்பா வாசித்துச் சொன்னார். அந்தத் தப்பிவிட்டா என்ற சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சு எடுத்தார் பார், அந்த நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். நாங்கள் இங்கே வெள்ளையோ சிவப்போ என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்க, அங்கே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, வெட்டி, தைத்தும் முடித்துவிட்டார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இருக்கவில்லை. வெங்காயத்துக்கு நடுவே இருந்து அழுதேன், வெங்காயக் காரம் என்று நல்லம்மாவுக்குச் சொன்னேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் நேற்று மருமகனின் கடிதம். சிக்கினதை எடுத்து இப்போதைக்குத்தான் தைத்திருக்கிறார்களாம், உடம்பு இறங்காவிட்டால் இந்தத் தையலும் விட்டுவிடுமாம், காயம் ஆறியபிறகு எந்த ஒப்பரேசன் என்று நீ சொல்லவேண்டுமாம், நீ அம்மாவின் பதிலைக் கேட்டபடி இருக்கிறாயாம். பிள்ளை, அம்மாவுக்குத் தெரியாது. எத்தனை தரம் யோசித்தும் எனக்குத் தெரியாது. டொக்டர் சொன்னதையும் பூ சொன்னதையும் எழுதிவிட்டேன், இரண்டும் உன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் சொன்னது. தொட்டுப் பார்த்தவர்களைக் கேள், வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேள். பிறகு உன் மனம் எதில் நிற்கிறதோ அதைச் செய். ஒன்று மட்டும் என்னால் முடியும். எதைச் செய்தாலும் அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று எல்லோருக்கும் சொல்லு. நல்லபடி முடிந்தால் அது உன் புத்தி. மாறி ஒன்று நடந்தால் அந்தப் பழி என் தலையில் கிடக்கட்டும், மருமகனிடமும் பிள்ளைகளிடமும் நான் சொல்லித்தான் செய்தாய் என்று நானே சொல்வேன். உனக்கு எழுத முன்னமே இதை அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். அவர் ஓம் என்று தலையை ஆட்டினார்.

இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமு. சின்னவள் எவ்வளவு அழுதாலும் நின்றபடி தூக்காதே, நீ இருந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள். வீக்கம் திரும்ப வந்தால் எனக்கு எழுதிக்கொண்டு இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. கந்தன் திருநீறு இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், சிந்தாமல் பிரி. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்கவேண்டும்.

என்றும் உன் நினைவாய் இருக்கும் அம்மா,
க. செல்வநாயகி