சோடாவுக்குப் பக்கத்தில் என் ஊசி

08.03.2003, சனி

புது மருந்து வந்துவிட்டது! கொழும்பு டொக்டர் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "பழைய ஊசியில சுகம் வந்து, பிறகு கிருமி திரும்பினவைக்கும் இது வேலை செய்யுது, அம்மா. எல்லாருக்கும் எண்டு சொல்ல ஏலாது." பின்பாதியைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மகள் ஜொய்சி பிறந்தபோது எனக்கு ஏற்றிய இரத்தத்தோடு வந்த கிருமி, ஈரலைத் தின்கிறது. முந்தி, ஒரு கிழமைக்கு மூன்று ஊசி போட்டோம். கிருமி போய்விட்டது என்றார்கள், ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. இப்போது கிழமைக்கு ஒரே ஊசி, கூடவே குளிசை. செலவெல்லாம் பாரிசில் இருக்கும் தம்பி றொபேட்டின் தலையில்.

ஊர்காவற்றுறை ஜெற்றியில் நேவிக்காரன் பெட்டியைத் திறந்து ஊசிகளைப் பார்த்து முழித்தான். "சீனி வருத்தமா?" என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். உண்மை அனலைதீவில் இவருக்கும் ஜொய்சிக்கும் மட்டும்தான் தெரியும். ஈரல் வருத்தம் எண்டால் சனத்துக்குச் சாராயம்தான் நினைவு வரும். பொம்பிளை குடிக்கிறாள் எண்டு கதை கட்ட எவ்வளவு நேரம்?

09.03.2003

காய்ச்சல், நடுக்கம், எலும்பெல்லாம் உளைவு. டொக்டர் சொன்ன மாதிரியே! அப்படியென்றால் உள்ளே வேலை நடக்கிறது. காய்ச்சல் வந்ததற்குச் சந்தோசப்படுகிற விசரி நான் ஒருத்திதான்.

27.03.2003

கரையில் பெண்கள் சேர்ந்து கருவாட்டுக்கு மீன் வெட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு மாக்கிறேற் இன்றும் கூப்பிட்டாள். "கை உளையுது" என்றேன். அவளுக்கு என்மேல் கோபம், பெருமை பிடித்தவள் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும். கத்தி தவறினால் என் இரத்தம் யார் கைக் காயத்தில் படுமோ? போன கிழமை வெங்காயம் வெட்டும்போது விரலில் பட்டது. ஓடிவந்த ஜொய்சியைப் பார்த்துக் "கிட்ட வராதை!" என்று கத்தினேன். பதினாலு வயதுப் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள்.

05.04.2003, சனி

ஐயோ கடவுளே. ஊசியை எடுத்தால் கல்லு மாதிரி இருக்குது!

மீன் ஐஸ் வைக்கிற ரெஜிபோம் பெட்டியில்தான் இவர் மருந்தைக் குளிராய் வைத்திருந்தார். போனமுறை ஐஸ் கெதியாய்க் கரைந்ததாம். அதனால் ஐஸில் கல்லுப்பைக் கொட்டி, நடுவிலே மருந்தைப் புதைத்திருக்கிறார். "உப்புப் போட்டால் குளிர் கூடி நல்லா இறுகும், பாரும். பாரை மீனே மூண்டு நாள் நிண்டு பிடிக்கும்" என்று பெருமை வேறு. பாரையோ இது? என்ர உயிரல்லோ?

ஊர்காவற்றுறைக்கு ஓடிப்போய் டொக்டருக்குப் போன் எடுத்தோம். "உறைஞ்ச மருந்து சரிவராது, எறியுங்கோ. வேற அனுப்பலாம். ஆனால் பிறிட்ஜ் இல்லாத இடத்துக்கு அனுப்பமாட்டன்."

வள்ளத்தில் திரும்பும்போது நான் வாய் திறக்கவில்லை. "ஏசுமன். பேசாமல் மட்டும் இராதையும்" என்றார் இவர். முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏசினேன், கரை வரும்வரை.

07.04.2003

எங்கள் பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்கிற பிறிட்ஜ் ஒன்றுதான். மண்ணெண்ணெய் பிறிட்ஜ், இராசமணி அக்காவின் கடையில். ஊர்ச்சனம் முழுக்க வந்து நிற்கிற கடை! இரண்டு தரம் படலை வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் போய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "ஈரல் வருத்தம் அக்கா. இரத்தம் ஏத்தினதில வந்தது. குடிச்சு வந்ததில்லை."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடிச்சனீரோ எண்டு ஆர் இப்ப கேட்டது? மீன்மணம் இல்லாமல் கொண்டாரும், அது போதும். கோயிலுக்குப் பால் வைக்கிற பிறிட்ஜ்."

வீடு வரும்வரை சிரித்தேன். அழுதேனோ தெரியாது.

26.04.2003

மருந்து திரும்ப வந்துவிட்டது! சோடாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருக்கிறது. இது என்ன ஊசி என்று கேட்கிறவர்களுக்கு அக்காவின் பதில்: "ஜொய்சியின்ர தாயின்ர ஈரலுக்கு. கதவைச் சாத்தும், குளிர் போகுது." அவ்வளவுதான் கதை. ஒருவரும் சாராயம் என்று வாயெடுக்கவில்லை.

மாக்கிறேற் முருங்கைக்காயோடு வந்தாள். "இதையோ என்னட்டை மறைச்சனீ?" என்று நல்லாய் ஏசிவிட்டுப் போனாள்.

19.07.2003

இரத்தத்தில் கிருமி இல்லையாம்! துள்ள வேண்டும் போல இருக்கிறது. ஆனால் போனமுறையும் இப்படித்தானே? துள்ளமாட்டேன். சரி, கொஞ்சம் துள்ளினேன்.

02.11.2003

தலைமயிர் கொத்தாய் வருகிறது. இவர் மூச்சு விட்டாலும் எரிச்சல். ஊசியை விட்டுவிடுவோமா என்று கேட்டேன். "உப்புப் போட்டவனைப் பழிவாங்கவெண்டாலும் மிச்ச ஊசியைப் போடுமன்" என்கிறார்.

28.02.2004, சனி

கடைசி ஊசி! இவர் கடையில் நின்ற எல்லோருக்கும் சோடா உடைத்தார். பிறிட்ஜில் அந்த இடம் வெறுமையாய் இருக்கப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது என்று இராசமணி அக்கா பால் செம்பை அங்கே நகர்த்தி வைத்தார். இனி ஆறு மாதம் பொறுக்க வேண்டும். திரும்பி வருகிறதென்றால் அதற்குள் வரும்.

07.09.2004

இல்லை. திரும்பி வரவில்லை. டொக்டர் எழும்பி நின்று கை தந்தார். "இனி நீங்கள் நோயாளி இல்லை, அம்மா." இவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் தோள் குலுங்குவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

11.09.2004

கரையில் மாக்கிறேற்றுக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டினேன். பழக்கம் விட்டுப்போய்விட்டது. மூன்றாவது மீனிலேயே விரலை வெட்டிக்கொண்டேன். நல்ல இரத்தம். ஜொய்சி பாதி தூரம் ஓடிவந்து, கால் கட்டுண்டவள் போல நின்றுவிட்டாள்.

"வா பிள்ளை" என்று கையை நீட்டினேன். தாவணித் தலைப்பால் விரலைச் சுற்றி, இரத்தம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். நின்ற பிறகும் விடவில்லை.