அடிபிடித்த பாத்திரம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி என்று கேட்டால்தான் வம்பு. உன் அம்மாவின் மூன்றாவது கதையும் பத்திரிகையில் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், வயிறு எரிகிறதே, என்ன செய்ய. மாடிவீட்டு மருந்துக்கடைக்காரர் என்னை இப்போது எழுத்தாளரம்மா வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார். ஓய்வு பெற்றதும் நாவல் எழுதப் போகிறேன் என்று ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான். உன் அறையைக் காலி செய்து, ஜன்னலோரம் மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் கொட்டாவிதான் வருகிறது. அவளோ துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, அது வேகிற நேரத்துக்குள் சமையல் மேடையில் நின்றபடியே எழுதுகிறாள். வெந்ததும் பாதி வரியில் நிறுத்திவிட்டு இறக்கப் போகிறாள், மறுநாள் அதே இடத்தில் தொடங்குகிறாள். ஒரு நாள் தவறுவதில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து என் கண்ணாடி எங்கே என்று கேட்டிருக்கிறேன். உங்க மூக்குமேலதான் இருக்கு என்பாள், தலை நிமிராமல்.

சூட்சுமம் சமையலறையில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். போன வாரம் அவள் குளிக்கப் போனபோது, பருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மேடையில் தாளை விரித்தேன். நம்பமாட்டாய், கை ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, புகை கண்ணை எரித்தபோதுதான் நிமிர்ந்தேன். பாத்திரம் அடிபிடித்துக் கரியாகியிருந்தது. இன்றைக்குத் தொலைந்தோம் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. ஈரத்தலையோடு வந்து அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்து வச்சவருங்க நீங்க, நான் எழுதி ஒரு நாளாவது ஏதாவது அடிபிடிச்சிருக்கா, பாதிக் காது அடுப்புலதானே கிடக்கு என்றாள். அது பொறாமைதான் குட்டிம்மா, எனக்குத் தெரியாத சரக்கா?

மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு அடுப்பு என் பொறுப்பு, மேசை அவளுக்கு. முதலில் எழுந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். இப்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை, நேற்று தனியாகத்தான் சாப்பிட்டேன். பொறாமை போயிற்றா என்று கேட்காதே, இரண்டு மடங்காகிவிட்டது.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ என் ஆசிகள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்று மட்டும் மறக்காதே, சாயங்காலத்தில் அம்மாவுக்குப் போன் பண்ணாதே. எனக்குப் பண்ணு, அடுப்படியில் சும்மாதான் நிற்பேன்.

என்றும் அன்புடன்,
அப்பா