நீ வாங்கிய காலிங்பெல்

என்னவளுக்கு,

ஒருவழியாகக் குடித்தனம் வந்துவிட்டது, மகளிடமும் சொல். ஒழுகும் மாடியைப் பார்த்தவர்கள் எல்லாம் முகம் சுளித்துக்கொண்டு போனதை எழுதியிருந்தேனே. இவர்கள் நல்ல மாதிரி.

நேற்று சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றார்கள். ஸ்பானரும் கையுமாகப் போனவன், பழக்கதோஷத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டேன். குடிவந்த பெண் பதறி எழுந்தாள்.

"சார், இது மூணாவது தடவை. பெல் அடிச்சுட்டு வாங்களேன்."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்து அடித்தேன். நீ கடை கடையாக ஏறி வாங்கிய பெல். இத்தனை வருடத்தில் நான் அதை அடித்தது இதுதான் முதல் தடவை.

மகளுக்குப் பிரசவம் முடிந்து நீ திரும்பும்போது, கீழே கதவைத் தட்டாதே. பக்கவாட்டுப் படியில் ஏறி வா. மாடியில் ஒழுகாத மூலை ஒன்றுதான். உன் கட்டிலை அங்கே போட்டிருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே.

உன்னவன்