ஒன்பதடிப் பலகையும் நானும்

பிப்ரவரி 19, புதன்

ஒப்புக்கொள்கிறேன், இந்த நோட்டிடம் மட்டும்: ஊரின் பழைய மரக் கூரைப் பாலத்தில் மோதியது நான்தான். 'வெளியூர்க்காரர்களே, உயரம் ஒன்பதடி என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்' என்று வருஷாவருஷம் ஊர்ப் பத்திரிகையில் கிண்டலடிக்கும் அதே எல்வின். மேப்பிள் மரச் சாறு டேங்க்கை பிக்கப் வண்டியில் நிமிர்த்திக் கட்டியிருந்தேன். இங்கேயே பிறந்த வெர்மான்ட்காரனுக்குப் பலகை எதற்கு? வாசல் விட்டத்தில் டமார். சுற்றிலும் ஆளில்லை. ஓடி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20

விட்டத்தில் விரிசலாம். கூரைமேல் இரண்டடி பனி. விட்டம் போனால் கூரை ஆற்றுக்குள்! சாலைப் பொறுப்பாளர் ஆரின் பாலத்தை மூடிவிட்டார். சுற்றுவழி பதினான்கு மைல். கடையில் எல்லோரும் எவனோ ஒரு பாஸ்டன் லாரிக்காரனைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே.

பிப்ரவரி 24

அக்கரைப் பால் பண்ணை டெல்ஃபின் என்னைக் கடையில் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நான் செத்து ஆறிப்போயிருப்பேன். அழகு பார்த்தது போதும், எல்வின். கான்கிரீட் போடுங்க. வெளியூர்க்காரன் மறுபடி இடிக்க மாட்டான்னு உன்னால சொல்ல முடியுமா?"

முடியாது என்றேன். வேறென்ன சொல்ல? மார்ச் 4 ஊர்க்கூட்டத்தில் ஓட்டெடுப்பு. மரமா, கான்கிரீட்டா?

பிப்ரவரி 27

ஆரின் காபி குடிக்க வந்தார். பிக்கப்பை ஒரு சுற்று சுற்றினார். டேங்க் விளிம்பில் பாலத்தின் சிவப்புப் பெயிண்ட்.

"என்னப்பா, டேங்க்குக்கு லிப்ஸ்டிக்கா?"

"தக்காளி சாஸ்."

ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டு போனார். மனைவி மர்லா உள்ளேயிருந்து, "பொய்யாவது ஒழுங்காச் சொல்லத் தெரியுதா உனக்கு? சாஸாம், சாஸ்!"

மார்ச் 1

கவலையில் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் முறை போட்டதுதான் இறங்கவில்லை.

மார்ச் 3

கூரைக்கடியில் பனி விழாதே; அந்தக் காலத்தில் பனிச்சறுக்கு வண்டிகள் வழுக்கிப் போவதற்காகப் பாலத்துக்குள் பனியை அள்ளிப் போட ஊர் ஓர் ஆளை வைத்திருந்தது. அவர் என் கொள்ளுத் தாத்தா. அந்த வம்சத்தில் நான் — ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? பாலம் போனால் என்னால்தானே போகும்?

மர்லா சொன்னாள்: "நாளைக்கு நீ எழுந்து சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மார்ச் 4, செவ்வாய்

எழுந்தேன். சொன்னேன். கான்கிரீட்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்வரிசையில் ஆரின்: "அப்போ அது சாஸ் இல்லையா?"

சிரிப்பு வெடித்தது. யாரோ கத்தினார்: "இடிச்சது இவன்தானா? அப்போ பாலத்தை ஏன் மாத்தணும்? இவன் சாவியைப் பிடுங்குங்க!"

மரம் 61, கான்கிரீட் 54. டெல்ஃபின் கடைசிவரை கான்கிரீட்டுக்கே கை தூக்கினாள். ஆனால் சிரித்தாள், நான் பார்த்தேன். பழுதுபார்க்க மரம் சுமக்கும் வேலை, தண்டனையாக, எனக்கு.

ஏப்ரல் 26

தச்சர் ஹால்சி பழைய விட்டத்தை இறக்கினார். டேங்க் பட்ட இடத்தில் வெறும் சிராய்ப்பு. விரிசல் நாலடி தள்ளி.

"எல்வின், இங்க பாரு. விரிசலுக்குள்ள அடிவரைக்கும் சிவப்புப் பெயிண்ட். நீ இடிக்கிறதுக்கு ரொம்ப முந்தியே விரிசல் விட்டிருக்கு. எவனோ பார்த்தும் பார்க்காத மாதிரி பெயிண்டால மெழுகியிருக்கான். கடைசியா பெயிண்ட் அடிச்சது யாரு?"

பன்னிரண்டு வருஷம் முன்பு. சனிக்கிழமை மதியம். நான்.