பேட் பிடிக்கிற மாஸ்டர்

மார்ச் 3
வெளிநாட்டுக்கு வந்து ஒன்பது நாள். பதினெட்டு வருடம் கராத்தே சொல்லிக்கொடுத்தவன், ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வரிசையில் நிற்கிறேன். மூன்று மாதமும் வாயைத் திறக்கக் கூடாதாம். அதுதான் இங்கே ஆசிரியர் பயிற்சி! தலைமை மாஸ்டர் தமிழர்தான், அவரும் சத்தமே போடுவதில்லை. மௌனசாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். அறையில் ஜன்னல் உண்டு, திறக்காது.

மார்ச் 6
மானம் போயிற்று. பிள்ளைகள் தயங்கி நின்றார்கள். பழக்கதோஷம், "இச்சி!" என்று கத்திவிட்டேன். கராத்தேயில் ஒன்று, இரண்டு எண்ணுவது எந்த நாட்டிலும் ஜப்பான் மொழியில்தானே, முப்பது பேரும் காலைத் தூக்கினார்கள். ஒரு சிறுமி மிரண்டு விழுந்தாள். மௌனசாமி ஒரு கிக் பேடை, பிள்ளைகள் உதைத்துப் பழகும் தடித்த மெத்தையை, என் கையில் திணித்தார். "இனிமே இதப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. போதும்."

மார்ச் 7
பேட்.

மார்ச் 8
பேட். விலா வலி.

மார்ச் 15
திரும்பி வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "சர்டிபிகேட் இல்லாம வந்தா கராத்தே சங்கத்துல கிளாஸயே மூடச் சொல்லிடுவாங்க. பல்லக் கடிச்சிட்டு இருங்க."
மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். படிக்கிறாளாம். என் கிளாசை விட்டு ஒரு வருடமாக இதே படிப்புதான். கிளாசில் எல்லார் முன்னாலும் அவளைச் சோம்பேறி என்று சொன்னேன் — சொன்னால் என்ன? அப்பன் சொல்லக் கூடாதா?
போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

ஏப்ரல் 2
பேடைப் பிடித்து நின்றால் உதைப்பவர் முகம் நேரே தெரிகிறது. ஊரில் நான் பக்கவாட்டில் நின்று காலை மட்டும்தான் பார்ப்பேன். அன்று விழுந்த சிறுமி உதைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். மௌனசாமிக்குச் சைகையில் காட்டினேன்.
"முன்னாடி மூட மாட்டா. நீங்க கத்தினதுலேருந்துதான்."
என் மகள்? ஆறு வருஷம் எங்கிட்ட கத்துக்கிட்டா... ஒரு தடவகூட நான் அவ முகத்தப் பாக்கலியே.

ஏப்ரல் 3
உதைக்கும்போது கண்ணை மூடுவாளா என்று மகளிடம் கேட்கச் சொல்லி மனைவியிடம் சொன்னேன். "எல்லாத் தடவையும் மூடிப்பாளாம்" என்றாள்.

மே 19
சிறுமி இன்று கண்ணைத் திறந்துகொண்டே உதைத்தாள். சரியான அடி. மௌனசாமி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

ஜூன் 4
வீடு. சர்டிபிகேட் இன்னும் பெட்டியில்தான். கூடத்தில் பேடைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் எட்டிப் பார்த்தாள்.
"கிளாசுக்கெல்லாம் வர மாட்டேன்."
"சரிம்மா."
"எண்ணக் கூடாது."
"எண்ணல."
எனக்குக் கை மரத்துப்போகும்வரை யோசித்தாள். பிறகு உதைத்தாள். கண் மூடித்தான் இருந்தது. நான் பேடை இறக்கவில்லை.