கூப்பிட்டால் பதில் சொல்பவர்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். மேற்குக் காற்று, காயப்போட்ட துணியெல்லாம் புழுதி. மாத்திரையைக் கூட்டி இன்று பன்னிரண்டாம் நாள். கை ஆடவில்லை. ஒரு வருடமாகக் கிறுக்கலாக இருந்த எழுத்து, போர்டில் எழுதிய காலம் போல வட்டமாக வருகிறது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒன் கையெழுத்துதானா இது?"

வாங்க வேண்டியது: உளுந்து, துணி சோப்பு, மாத்திரை ஒரு அட்டை.

ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியலில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். செல்லின் மேல் ஏற்பி என்று ஒரு புரதம். அதற்கான ரசாயனம் வந்து ஒட்டினால், உள்ளே ஒன்று இன்னொன்றைத் தட்டி எழுப்பி, செய்தி கடைசி வரை போகும். எனக்கு நடுக்குவாதம், மூளையில் டோபமின் குறைந்துவிட்டது. மாத்திரை டோபமின் இல்லை. ஆனால் அது உட்காரும் இடத்தில் இதுவும் உட்காரும். வந்தது யார் என்று செல் விசாரிப்பதில்லை. கை நிற்கிறது, போதும்.

மதியம் கிணற்றடித் துவைக்கிற கல்லில் ஒரு பெண், முதுகு காட்டி. பக்கத்து வீட்டு மல்லிகா என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். யாரும் இல்லை. கல் காய்ந்து கிடந்தது.

ஜூன் 11, புதன்

மறுபடியும். இன்று இரண்டு பேர். ஒருத்திக்கு ஈரத் தலை. முடி நுனியில் சொட்டுகிறது, கீழே மண் நனையவில்லை. நிழல் மட்டும் சரியாக விழுகிறது, பலா மரத்து நிழல் சாய்ந்த பக்கமே. கோழி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. சும்மாவே அப்படிப் போயிருக்கலாம்.

எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம டாக்டரப் பாத்துருவோம்."

பலா ஒன்று பழுத்துவிட்டது. மல்லிகாவுக்குப் பாதி.

ஜூன் 13, வெள்ளி

புதுக்கோட்டை. பஸ்ஸில் நின்றுகொண்டே. டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை.

"இந்த மாத்திரையில சில பேருக்கு வரும். அதுங்க பேசுதுங்களாம்மா?"

"இல்ல சார். உக்காந்திருக்காங்க, அவ்ளோதான்."

"டோஸக் கொறச்சிருவோம்."

நான்தான் மறுத்தேன். "கை திரும்ப ஆடும் சார். ஒரு பத்து நாள் பாக்குறேனே." ஒரு டம்ளர் காபி சிந்தாமல் குடிக்கிற சுகம் அவருக்கு எங்கே தெரியும். யோசித்துவிட்டு, அதிகமானால் உடனே வரச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். கூப்பிட வேண்டும். பதில் வந்தால் ஆள். வராவிட்டால் மாத்திரை.

ஜூன் 16, திங்கள்

வழி வேலை செய்கிறது. வாசலில் ஒருவன். "யாரு?" "கேஸ் சிலிண்டர்ங்க." ஆள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒருத்தி. "யாரு?" ஒன்றும் இல்லை. அவளைத் தாண்டிக் கையை நீட்டித் தயிர் எடுத்தேன்.

வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

மருமகளுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம். எழுத முடிகிறது, அதற்காக.

ஜூன் 19, வியாழன்

சுருக்கமாக.

பத்து மணிக்கு மல்லிகா சுவருக்கு அந்தப் பக்கம். "டீச்சரக்கா, கருவேப்பில வேணுமா?" பேசினாள், ஆகவே ஆள். வாங்கிக்கொண்டேன். இவர் எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்ட ஆலங்குடி போயிருந்தார்.

பத்தே முக்கால். கேட்டில் மல்லிகா. நைட்டி, மேலே துண்டு. ஒரு கை கம்பியில். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, எச்சில் வழிந்தது. இதுவரை வந்த எதற்கும் தெரிந்த முகம் இருந்ததில்லை. முதல் தடவை பயந்தேன்.

"மல்லிகாவா?"

பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். இல்லை.

கதவைச் சாத்தினேன். அவரைக்காய் நறுக்கினேன்.

பன்னிரண்டு மணிக்கு இவர் குரல். "விஜயா, இங்கிட்டு வா. மல்லிகா கேட்டுப் பக்கத்துல கெடக்குதும்மா."

108 வந்தது. இவரும் ஏறிப் போனார். ஒன்றரைக்குப் புதுக்கோட்டையிலிருந்து போன்.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சுன்னு கேக்குறாங்க. மணி தெரிஞ்சாத்தான் ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போடுவாங்களாம். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியல" என்றேன்.

பொய் இல்லை. கேட்டில் நின்றவளை இல்லை என்று முடிவு செய்தவள், சுவரில் பேசியவளை மட்டும் நிஜமென்று எந்தத் தைரியத்தில் சொல்வது. தப்பான மணி சொன்னால் ஊசியே ஆளைக் கொன்றுவிடும். அடுப்படிக்குப் போனேன். மேடையில் கருவேப்பிலைக் கொத்து. கிள்ளினேன், மென்றேன், கசந்தது. அதுவும் மாத்திரையாக இருந்தால்? இருக்கட்டும். திரும்பக் கூப்பிட்டேன்.

"பத்து மணிக்கு நல்லாப் பேசுனா. பத்தே முக்காலுக்குக் கேட்டுல நின்னா, வாய் கோணியிருந்துச்சு. நான் கதவச் சாத்திட்டேங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ மணியைச் சொன்னார். பிறகு, "சரி, வையி."

ஜூன் 20, வெள்ளி

ஊசி போட்டிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வாளாம். இவர் சாப்பிட்டார், குளித்தார், கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாத்திரையைக் குறைக்கச் சொல்லி நானே டாக்டருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் கிணற்றடியில் மூன்று பேர். நான் யாரையும் கூப்பிடவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

எழுத்து சிறுத்துவிட்டது. ஜாக்கெட் கொக்கி இவர்தான் போட்டுவிட்டார். கிணற்றடி காலி. இரண்டு நாளாகக் காலி. அடிக்கடி போய்ப் பார்க்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

இவரோடு ஆஸ்பத்திரி. மல்லிகாவின் மகள் செல்வி திருச்சியிலிருந்து வந்து கூட இருக்கிறாள். வலது கை இன்னும் தூக்க வரவில்லையாம். பேச்சு வந்துவிட்டது, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. செல்வி இட்லி வாங்கப் போனதும் சொல்லிவிட்டேன்.

"மல்லிகா, ஒன்னயப் பாத்தேன். நீயில்லன்னு நெனச்சுட்டேன். ஒனக்குப் பேச்சு வரலன்னு எனக்குத் தெரியாது."

என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. புரியாத பார்வை.

"பேசுனேனேக்கா."

அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

"ரெண்டு தடவ கேட்டீங்க. ரெண்டு தடவயும் நாந்தாங்க்கான்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்."

செல்வி வந்துவிட்டாள். தப்பியது மல்லிகாவின் நாக்கா, என் காதா. கீழேதான் என் டாக்டர் அறை. மாத்திரை காதையும் அடைக்குமா என்று கேட்காமல் பஸ் ஏறிவிட்டோம்.