ரேடியோவில் வராத மனைவி

சென்னை,
12.3.1983

அன்புள்ள தங்கத்துக்கு,

மாதா துணையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா?

நான் எழுதி நடிக்கும் ரேடியோ சிரிப்பு நாடகத்தை டெலிவிஷனுக்கு எடுக்கிறார்கள். ரேடியோவில் அந்த நாடகத்து மனைவி பேசவே மாட்டாள். நான்தான் அவளைப் பற்றிப் புலம்புவேன். இப்போது அவளைக் காட்ட வேண்டுமே!

"அந்தம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார் டைரக்டர்.

"பள்ளிக்கூடத்துலருந்து வந்து, நெத்தியில சாக்பீஸ் பொடியோட நிப்பா சார். இம்புட்டு உயரம்தான்" என்றேன்.

நேற்று ஒரு நடிகை அப்படியே வந்து வாசலில் நின்றாள். எனக்கு வசனம் மறந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று சமாளித்தேன். கவலைப்படாதே, நான்காவது தடவை சரியாகப் பேசிவிட்டேன்.

பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. பார்சலில் அனுப்பாதே; உன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் நீயே கொண்டு வா.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்
சவரியப்பன்